வெள்ளைப் பூ எடுத்த சனிக்கிழமை

அன்புள்ள உம்மாவுக்கு மகள் ஸும்றா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் தம்பி நபீஸும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். குவைத்து வெயிலில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதம் என்றதும் பதற வேண்டாம், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பக்கத்து லேனில் இருக்கிற ஷஹீமா மாமியின் லீவு முடிந்துவிட்டது, நாளை எயார்போர்ட் போகிறார். நீங்கள் வேலை செய்கிற வீட்டுக்குக் கிட்ட உள்ள வீட்டில்தானே அவருக்கும் வேலை, அதனால் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை உம்மா. இருப்பது வாப்பாவின் ஒரு போன், வெள்ளிக்கிழமை நீங்கள் எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துவிடுவோம், அதில் எப்படிச் சொல்ல. இரண்டு பேரும் தூங்கிய பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வாப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் சயன்ஸ் கொப்பியை எடுத்து மேலே வைத்துக்கொள்கிறேன். எழுத்து ஒரு சீராக இல்லாவிட்டால் அதுதான் காரணம். நீங்கள் தனியாக இருக்கும்போது வாசியுங்கள், பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை வாசியுங்கள்.

வாப்பாவுக்கு இந்த மாதம் ஒருகொடவத்தை யார்டில் பகல் வேலைதான் அதிகம். கன்டெய்னருக்குக் கன்டெய்னர் குனிந்து சீல் பார்க்கிறதால் இடுப்பு வலி விட்டபாடில்லை, நீங்கள் அனுப்பிய தைலத்தைப் பூசிவிட்டு நபீஸை முதுகில் ஏறி நடக்கச் சொல்கிறார், அவன் அதற்கு ஐஸ்கிறீம் கேட்கிறான். அவன் த்ரீவீல் பார்க்கில் நின்று நின்று சிங்களம் பழகிவிட்டான் உம்மா, எல்லாரையும் தம்பி என்கிறதற்கு மல்லி என்றுதான் கூப்பிடுகிறான். போன கிழமை சந்திக் கடையில் நரைத்த தலையோடு இருக்கிற முதலாளியைப் பார்த்து மல்லி, பருப்பு இல்லையா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் வட்டிலப்பம் அவித்தேன், இறுகவே இல்லை. வாப்பா அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு நல்லாத்தான் ஈக்கி மகள் என்றார். நீங்கள் பிரஷர் குளிசையை மறக்க வேண்டாம். ஏசி அறையில் வேலை செய்துவிட்டு அப்படியே வெளியில் போய் உடுப்புக் காயப்போட வேண்டாம், கொஞ்சம் நின்று போங்கள். நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இனி கிளப் விஷயம். வெள்ளவத்தை சேவைக் கழகத்தின் மாணவர் அணிக்கு எங்கள் ஸ்கூலில் என்னையும் ஆதிபாவையும் எடுத்தது உங்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் பொம்புளப் புள்ளயை எப்படி அனுப்புறது என்று வாப்பா யோசித்தபோது, போகட்டும், நாலு பேரோட பழகினாத்தான் புள்ளைக்குப் பயம் தெளியும் என்று போனில் சொல்லி அனுப்பி வைத்தது நீங்கள்தான். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் கூட்டம். தலைவர் கனகசபாபதி அங்கிள் சின்னப் பித்தளை மணியை அடித்தால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிந்தி வருகிறவர்கள் எழுந்து நின்று ஒரு பகிடி சொல்ல வேண்டும், அதுதான் அங்கே தண்டனை. பல் டொக்டர் ஒருவர் வாராவாரம் பிந்தித்தான் வருவார், வாராவாரம் ஒரே பகிடிதான், எல்லாரும் அவரோடு சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். முகத்துவாரத்தில் டெங்கு வராமல் தண்ணீர் தேங்கிய கான்களைத் துப்புரவு செய்தோம். கண் முகாமில் டொக்டர் சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்டுச் சொன்னேன், இந்தப் பிள்ளை இல்லாட்டி இண்டைக்கு நாங்கள் கஷ்டப்பட்டிருப்பம் என்று கனகசபாபதி அங்கிள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் தெரியுமா. அந்தச் சந்தோஷத்தைக் காப்பாற்றப் போய்த்தான் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் அடுத்த வேலைத்திட்டம் என்ன என்று கதைத்தார்கள். நான் பிஸ்கட் தட்டைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அன்டி சொன்னார், தாய்மார் குவைத் சவுதி எண்டு வீட்டு வேலைக்குப் போகுதுகள், இஞ்ச பிள்ளைகள் கேட்பார் பார்ப்பார் இல்லாமல் கெட்டுப்போகுதுகள், அதுகளுக்கு ஏதும் செய்வம் என்று. மாணவர் அணிக்குப் பொறுப்பான சுபோதினி அன்டி உடனே, கெட்டுப்போகுதுகள் எண்டு சொல்லாதேங்கோ, அதுகளும் எங்கட பிள்ளைகள் மாதிரித்தான் என்றார். நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அதுகளில் ஒருத்திதான் பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் நிற்கிறாள் என்று அங்கே ஆதிபாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இனி என்னைக் கண் முகாமில் மொழிபெயர்க்கக் கூப்பிட மாட்டார்கள், வரிசையில் நின்று உதவிப் பை வாங்கத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

பிறகு மே மாதம் அன்னையர் தினக் கூட்டம் வந்தது. அந்தக் கிளப்பில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லாரும் உம்மாமாரைக் கூட்டிவர வேண்டும், உம்மா உயிரோடு இருக்கிறவர்களுக்கு அவர் கையால் சிவப்புப் பூ குத்திவிடுவார். உம்மா இல்லாதவர்கள், வயதானவர்கள்கூட, மேசையில் இருக்கிற தட்டிலிருந்து வெள்ளைப் பூ ஒன்றைத் தாங்களே எடுத்துக் குத்திக்கொண்டு ஒரு பக்கமாக நிற்பார்கள். பூக் குத்திய பிறகு ஒவ்வொரு உம்மாவும் மைக்கில் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும். ஒருவர் பேங்க், ஒருவர் லோயர், ஆதிபாவின் உம்மா டீச்சர். வர முடியாத உம்மாமாருக்குப் பதிலாகச் சுபோதினி அன்டி பூவோடு வந்து, அம்மா எங்க பிள்ளை, என்ன செய்யிறா என்று மைக்கைப் பிள்ளைகளிடம் நீட்டினார். எனக்கு முன்னால் நின்ற பிள்ளை அம்மா ஹொஸ்பிட்டலில் டியூட்டி என்றாள், எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்தது நான். குவைத்தில் வீட்டு வேலை என்று அந்த மைக்கில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை உம்மா. வெள்ளைப் பூத் தட்டு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கைதான் போனது.

சுபோதினி அன்டி மைக்கை இறக்கிவிட்டார். அவருடைய சட்டையிலும் வெள்ளைப் பூதான், அவருடைய அம்மா அவர் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது போய்விட்டாராம். என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கனகசபாபதி அங்கிள் குனிந்து மெதுவாக, அம்மான்ர பேர் என்ன பிள்ளை என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். போனவர்களுடைய பெயர்களை வாசிக்கும்போது கடைசியாக ஜவாஹிறா என்று வாசித்தார். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். அங்கே இப்போது பகல் சாப்பாட்டு நேரம், நீங்கள் மேடத்தின் பிள்ளைகளுக்குக் கோப்பை கழுவிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு நான் நின்றேன். உயிரோடு இருக்கிற உம்மாவை மௌத்தாக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆதிபா மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள், உன்ட உம்மாட கபுறுல சிக்னல் நல்லா ஈக்கி போல, நேத்தும் வொய்ஸ் கட் அனுப்பி இருந்தாங்களே என்று. அதோடு சரி. அவள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதும் இல்லை.

அவர்கள் என்னை ஏசியிருந்தால் நல்லது. அவர்கள் அன்பாக இருக்கிறார்கள். சுபோதினி அன்டி எனக்கென்று தனியாகக் கட்லட் சுற்றிக் கொண்டுவருகிறார், பொம்பிளைப் பிள்ளைக்கு அம்மாவிட்டைக் கேட்க எத்தனையோ இருக்கும், என்னட்டைக் கேள் என்கிறார். தன்னுடைய அம்மாவைப் பற்றி யாரிடமும் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்லி அழுதார். நான் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது முகத்துவாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பறை கட்டி முடிக்கிறார்கள், அதற்கு ஜவாஹிறா ஞாபகார்த்த வாசிப்பறை என்று பெயர் வைக்கத் தீர்மானம் எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்தினார்கள், நானும் உயர்த்தினேன். அடுத்த மாதக் கடைசியில் திறப்பு. வாப்பாவைக் கூப்பிட்டு ரிபன் வெட்டச் சொல்லப் போகிறார்கள், அவருக்கு யார்டில் லீவு இல்லை என்று சொல்லித் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நம்முடைய வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் உம்மா. அடுத்த மாதத் தொடக்கத்தில் உங்கள் அக்ரிமென்ட் முடிந்து நீங்கள் வந்துவிடுவீர்கள். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் உங்கள் பெயரை நீங்களே அந்தப் பலகையில் வாசிப்பீர்கள். இதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் கேட்டீர்கள். மேடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் சைன் வைக்கச் சொல்றா, நான் என்ன செய்ய, வரவா இருக்கவா, மகள் நீங்க சொல்லுங்க என்று. வாப்பாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டீர்கள். நான் யோசிக்கக்கூட இல்லை, இருங்க உம்மா, என்ட ஓ/எல் சோதனை முடியட்டும், செலவு ஈக்கித்தானே என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சரி மகள் என்றீர்கள், நபீஸ் சாப்பிட்டானா என்று கேட்டீர்கள். வாப்பா போனை வைத்துவிட்டு, நம்மட புள்ளைக்குப் பொறுப்பு வந்துட்டு என்று என் தலையைத் தடவினார். நான் கக்கூசுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெள்ளைப் பூ எடுத்ததைவிட அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பூவை நான் பயத்தில் எடுத்தேன். இருங்க என்று யோசித்து வைத்துக்கொண்டிருந்த மாதிரிச் சொன்னேன்.

நேற்று ஷஹீமா மாமி சாமான் கட்டும்போது போய் உதவி செய்தேன். அவர் சொன்னார், உம்மா என்னோட போனில கதைச்சா, அவவுக்கு வரத்தான் ஆசை, உங்களுக்குச் சட்டைத் துணியெல்லாம் வாங்கி வெச்சிட்டா, ஆனா புள்ளயே இருக்கச் சொன்ன பிறகு வந்து என்ன செய்ய எண்டு கேட்டா, மாசக் கடைசியில சைன் வைக்கப் போறாவாம் என்று. நான் பூட்டிக்கொண்டிருந்த சூட்கேஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அப்போதுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் இருக்கச் சொன்னது பொய் உம்மா. செலவுக்காகவும் இல்லை, ஓ/எல்லுக்காகவும் இல்லை. நீங்கள் வந்தால் நான் பிடிபட்டுவிடுவேன் என்றுதான் சொன்னேன். நான் பிடிபடாமல் இருக்க நீங்கள் இன்னும் இரண்டு வருஷம் அந்த வீட்டில் கோப்பை கழுவ வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். எழுதும்போதுதான் அது எனக்கே சரியாக விளங்குகிறது. நீங்கள் செய்கிற வேலையில் எனக்கு வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று எழுதப் பார்த்தேன், வெட்டிவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு இருந்தது வெட்கம்தான். இந்த ஸ்கூல் சப்பாத்தும் அந்த வேலையில்தான் வந்தது, பஸ் காசும் அதில்தான் வந்தது, தெரிந்துகொண்டேதான் வெட்கப்பட்டேன். மன்னித்துவிட்டேன் என்று உடனே சொல்ல வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படுங்கள், ஆனால் வந்து கோபப்படுங்கள்.

நாளைக்குச் சனிக்கிழமை, கூட்டத்துக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னால் போய்ச் சுபோதினி அன்டியிடம் சொல்லப் போகிறேன். பலகை எழுதக் கொடுத்துவிட்டார்களோ தெரியாது. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை, அவருடைய அம்மா உண்மையிலேயே இல்லாதவர். கிளப்பிலிருந்து நிறுத்துவார்கள் என்றுதான் நினைக்கிறேன். கண் முகாமை நினைத்தால் அழுகை வருகிறது, ஆனாலும் போய்ச் சொல்வேன். தனியாகப் போகப் பயமாக இருந்து ஆதிபாவிடம் கேட்டேன், அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாசல் வரைக்கும் வாரேன், உள்ளுக்கு நீ போ என்றாள். வீட்டுக்கு வந்து வாப்பாவிடமும் சொல்வேன், அடித்தாலும் பரவாயில்லை. வாப்பா அடிக்க மாட்டார், சாப்பிடாமல் படுத்துவிடுவார், அதுதான் பயம். கடிதம் உங்கள் கைக்கு வரும்போது இதெல்லாம் முடிந்திருக்கும், நீங்கள் போனில் ஒன்றும் மறைத்துக் கதைக்க வேண்டியதில்லை.

பையில் கருவாடும் நபீஸ் கீறிய படமும் இருக்கின்றன, படத்தில் உங்களை வாப்பாவைவிட உயரமாகக் கீறியிருக்கிறான், கேட்டால் உம்மா பிளேனில் போனவ தானே என்கிறான். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். நீண்ட ஆயுளையும் உடம்புச் சுகத்தையும் உங்களுக்குத் தரும்படி அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன், உங்கள் பெயரை அவர்கள் போனவர்களின் வரிசையில் வாசித்த நாளிலிருந்து நீண்ட ஆயுள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். நீங்களும் எனக்காகக் கேளுங்கள், மனம் வந்தால்.

மாதக் கடைசியில் அந்தப் பேப்பரில் சைன் வைக்காதீர்கள் உம்மா. ஏற்கெனவே வைத்துவிட்டால் மேடத்திடம் திருப்பிக் கேளுங்கள். என்ன காரணம் என்று கேட்டால் என் மகள் பயத்தில் பிழையாகச் சொல்லிவிட்டாள், இப்போது வரச் சொல்கிறாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும் மகள்
ஸும்றா பதியுதீன்
கொட்டாஞ்சேனை