சோடாவும் புள்ளடியும்

மெல்பேர்ன், 1974 யூலை, செவ்வாய்

இன்று பேராசிரியர், ஆராய்ச்சிக்காக நான் ஊரில் நிரப்பிக்கொண்டு வந்த வினாக்கொத்துகளை மேசையில் பரப்பிவைத்துச் சிரித்தார். யாழ்ப்பாணத்துச் சுருட்டு முதலாளிமார் எல்லாரும் முன்கூட்டியே திட்டமிடுகிறார்களாம், தொழிலாளரைக் கேட்டே முடிவெடுக்கிறார்களாம். "வளர்முக நாடுகளைப் பற்றி நாங்கள் நினைத்ததெல்லாம் பிழை" என்றார். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்குச் செல்லையா முதலாளியின் சுருட்டுக் கொட்டில்தான் கண்ணுக்குள் நின்றது. இனிப்புப் பாணி தடவிய புகையிலையின் மணம். சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்காக ஒருவர் பேப்பரை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். முதலாளி கதிரையைத் துடைத்துப் போட்டு, சோடா உடைத்துத் தந்தார். நான் முதல் கேள்வியை வாசித்தேன்.

"தம்பி, கடல் கடந்து படிக்கப் போன பிள்ளை நீர். உமக்கு எது உதவுமோ அதிலை புள்ளடியைப் போடும். முதல்லை சோடாவைக் குடியும்."

போன கொட்டிலெல்லாம் இதே உபசரிப்புத்தான். வந்த பிள்ளைக்கு 'இல்லை' என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. மடையன் நான், சோடாவைக் குடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் 'ஓம்' போட்டேன். அந்தக் குளிர்ந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் இரண்டு வருஷப் படிப்பும் போய்விடும். என்றாலும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பேராசிரியர் தன் கையாலேயே தேத்தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பதில்களில் உமக்குத் திருப்திதானே?" என்று கேட்டார்.

ஒரு மிடறு குடித்தேன். ஓம் என்று சொல்லிவிட்டேன்.