சட்டை மடிக்கப் பழகிய இயந்திரம்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் துணிக் கம்பெனியின் புது இயந்திரம் சட்டை மடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மேற்பார்வையாளரே இன்று காலை சொன்னார். நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு அதற்கு மடித்துக் காட்டியவன் நான்தான். மடிப்பதற்கு முன் அம்மா மாதிரி இரண்டு உதறு உதறுவேன், அதுவும் உதறுகிறது.

"அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்குய்யா!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"உன் காலத்துல எல்லா வேலையும் மிஷினே செய்யும்டா, நீ கால் மேல கால் போட்டு உக்காந்திருப்ப" என்பீர்களே, மத்தியானத்திலிருந்து ஓய்வறையில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை.

இங்கே குளிர் அதிகம். அம்மாவின் பழைய போர்வை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இல்லை, கொஞ்சம் பொறுங்கள். எனக்கு இனி இங்கே வேலை உண்டா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

உங்கள் பெரியவன்