பரீட்சையில் தோற்கச் சொன்ன அண்ணனுக்கு

பாசமுள்ள வேலாயுதண்ணே,

ஜப்பான்காரன் போய் ஒரு வருஷமாகப் போகிறது. கூலிம் டவுனில் நீங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அந்த ஜப்பானிய மொழிப் பள்ளியில் இப்போது மறுபடியும் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள். உங்கள் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். "எந்த வகுப்புல சேரலாம், தம்பி?" என்று தோட்டத்து ஆட்கள் வந்து கேட்டால், உங்கள் இஷ்டம் என்றுவிடுகிறேன்.

நீங்கள் அப்படித் தயங்கியதில்லை. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். "நிப்போங்கோ படி, அவன் பாஷையைப் படி. படிக்கிறவனுக்கு அரிசி தர்றான், பிடிச்சிட்டுப் போகமாட்டான்" என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். மரவள்ளியைத் தின்று வீங்கிப்போயிருந்த நான் கராங்கான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தேன். ஆறே மாதத்தில் வாத்தியாரோடு தடங்கலில்லாமல் பேசினேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, அண்ணே.

முதல் செட்டில் தேறிய மூன்று பேரையும் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று சயாமுக்கே கொண்டுபோனார்கள். ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. எங்கள் பரீட்சைக்கு முந்தின நாள் என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போனீர்கள்.

"மாணிக்கம், நாளைக்குத் தப்பு தப்பா எழுதிடு."

"படிக்கச் சொன்னதே நீங்கதானே, அண்ணே?"

"அப்போ எனக்குத் தெரியல. இப்போ தெரியுதுலா. தப்பா வழி சொன்னவன் நானு. நான்தானே வந்து மாத்திச் சொல்லணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னோடு படித்த மற்ற ஐந்து பேரையும் இப்படித் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் தெரிந்த விடைகளையெல்லாம் விட்டுவிட்டுத் தெரியாதவன் மாதிரி எழுதினேன். ஆறு பேரும் தோற்றோம். வாத்தியார் வரிசையாக நிற்க வைத்து அறைந்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். லாரியில் ஆட்கள் ஏறியாகிவிட்டது, மொழி தெரிந்த ஒருவன் உடனே வேண்டும் என்றார். பள்ளிக் கிராணி என்று அதுவரை உங்களை விட்டுவைத்திருந்தார்கள். அவர் எங்கள் பெஞ்சைப் பார்த்தார். உங்களைவிட நன்றாகப் பேசத் தெரிந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் எழுந்து போய் அவர் முன்னால் நின்றீர்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட விடவில்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தீர்களா, அண்ணே? நான் பார்க்கவில்லை.

அந்த லாரியில் போனவர்களில் முனியன் ஒருவர்தான் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். காய்ச்சல்காரர்களை வேலைக்கு இழுக்காதீர்கள் என்று நீங்கள் தினமும் கெஞ்சுவீர்களாம். அதற்காகவே அடி வாங்குவீர்களாம். மழைக்காலத்தில் கொட்டகையில் வாந்திபேதி வந்தபோது, இரண்டு நாளில் உங்களையும் கொண்டுபோய்விட்டது என்றார். குழிக்குள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியவில்லை.

போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போனேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். முனியன் சொன்னதையெல்லாம் சொன்னேன். அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"அன்னைக்கு அவரை விட்டா அந்தப் பாஷை தெரிஞ்சவங்க வேற யாருமே இல்லையா, தம்பி?"

"இல்ல அண்ணி" என்றேன்.

அதை நம்பி எனக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார்கள். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். நான் ஒருத்தன் இருந்தேன் அண்ணி என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அந்த வாசலை நான் மிதிக்கலாமா கூடாதா என்பதை அவர்களே சொல்லட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் காப்பாற்றிவிட்டுப் போன தம்பி,
மாணிக்கம்