சித்தப்பா வாய் திறந்தான்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், சித்தப்பா எங்களைவிட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். சைக்கிள் வழக்கு முடிந்தது, சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறான், முதலில் அந்தப் பயத்தை விடு. பூட்டிய கடை வாசலில் சைக்கிள் மழையில் நனைகிறதே என்று அவன் வீட்டுக்குத் தள்ளி வந்ததற்கு, அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும் என்று தெரிந்தே கடைக்காரர் திருட்டுப் புகார் கொடுத்தார். அதை நான் மறப்பதாக இல்லை. ஜாமீன் கொடுத்தபோது நீதிபதி, கடைக்காரரோடு ஒரு வார்த்தை பேசினாலும் சிறை என்று சொல்லியிருந்தார். நேற்று விசாரணை. நடந்ததை அவன் வாயால் சொன்னால்தான் தப்பிக்கலாம் என்றார் நம் வக்கீல். இவனோ நீதிபதி எதைக் கேட்டாலும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்கிறான். எதிர்த்தரப்பு வக்கீல், இது திமிர் என்றார். திமிரைப் பற்றி யார் பேசுவது என்று விவஸ்தையே இல்லை. கட்டாயம் வருகிறேன் என்ற உன் பெரியப்பா வழக்கம்போல வரவில்லை. இவனைப் போன்றவர்களுக்குத் துணையாக நீதிமன்றத்தில் ஒரு அம்மாவை அமர்த்தியிருக்கிறார்கள், நல்லவேளை. இவன் கண் போகும் திசையைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து, ஐயா, கடைக்காரர் பக்கத்துலயே நிக்கிறாரு, பேசினா உள்ள போட்டுருவாங்கன்னு இவர் பயப்படுறாரு, அவரைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க என்றார். கடைக்காரர் கதவைத் தாண்டியதுதான் தாமதம், பிடித்துக்கொண்டான் பேச்சை. தொடச்சுதான் வச்சேன், பெல்லுகூட அடிக்கல, காலையில குடுக்கப் போனா போலீசு புடிச்சுருச்சு, அவர்கிட்ட சொல்லலாம்னா பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்று நீதிபதியையே கேட்டுவிட்டான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், சிரிப்பை மறைக்கத்தான். திருடும் எண்ணமே இல்லை என்று விடுவித்து, பேசக் கூடாது என்ற தடையையும் நீக்கினார். வெளியே கடைக்காரர் வந்து, மனசுல வச்சுக்காத தம்பி என்றார். இவன் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இனிமே பேசலாம் என்று அவர் சொன்னதும், கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறும்வரை விடவில்லை. கடைக்காரர் என்னோடும் பேசப் பார்த்தார். என் தடையை எந்த நீதிமன்றமும் போடவில்லை, ஆகவே நீக்கவும் ஆளில்லை.

குறையொன்றும் இல்லாமல் நீ நீடூழி வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, சித்தப்பாதான் எடுப்பான். ஆள் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை, நடுவில் போனை வைத்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா