கைப்பிடியில் ஒட்டிய செப்புப் பட்டை

அன்புள்ள உங்களுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். போனில் பேசினால் பக்கத்து அறையில் அத்தை காதில் விழும். அதனால்தான் கடிதம்.

குட்டிக்குச் சளி விட்டது. பல் எட்டிப் பார்க்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள், என் தோள் உட்பட.

நீங்கள் விட்டுப்போன எலக்ட்ரானிக்ஸ் சாமான் பெட்டியைத் திறந்தேன், கோபிக்காதீர்கள். நானும் குட்டியும் கதவைச் சாத்திப் படுத்திருக்கும்போது வெளியே யாரோ நிற்பதுபோலவே இருந்தது. வீட்டில் வேறு யார், அத்தைதான். நேரே கேட்டால் சண்டை. வெளிப்பக்க மரக் கைப்பிடியில் செப்புப் பட்டையை ஒட்டி, உங்கள் தொடு சென்சாரை அதில் இணைத்தேன். கை பட்டால் என் தலைமாட்டில் சின்ன விளக்கு எரியும். பிடி ஆடுகிறது, அதற்காக ஒட்டினேன் என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன்.

முதல் நாளே விளக்கு ஓயாமல் எரிந்தது. கதவைத் திறந்தால் ஆள் இல்லை. அத்தை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் முழங்காலுக்கு அவ்வளவு வேகம் ஏது? ஆனாலும் கேட்டுவிட்டேன். "நான் எதுக்கும்மா அந்தக் கதவத் தொடப்போறேன்?" என்றார், தலை நிமிராமல். அவர் தலை நிமிராததுதான் எனக்கு உறுத்தியது.

பிறகுதான் பார்த்தேன், கதவின் மேல் நான் காயப்போட்ட குட்டியின் ஈரத் துணி பட்டையில் உரசிக்கொண்டிருந்தது. சென்சாருக்கு ஈரமும் கையும் ஒன்றுதான். துணியை எடுத்த பிறகும் இடையிடையே மின்னியது. சென்சாருக்கு மின்சாரம் கொடுத்த பழைய போன் சார்ஜரின் கோளாறோ என்று அதைக் கழற்றிவிட்டு பேட்டரி போட்டேன். அடங்கிவிட்டது. அத்தையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று கூச்சமாகப் போய், அவருக்குப் பிடித்தமாதிரி சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தேன்.

இன்று மத்தியானம் குட்டி வீறிட்டு அழுதாள். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. சட்டென்று கதவைத் திறந்தேன். அத்தையின் கை கைப்பிடியிலேயே இருந்தது.

கையை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்: "அவன்தான் சொன்னான்மா. குழந்தையோட அவ தனியா இருக்கப்ப ஒரு கண்ணு வச்சுக்கன்னு."

பிரசவமான புதிதில், இவளைத் தூக்கவே பயமாயிருக்கிறது, ஏதாவது செய்துவிடுவேனோ என்றிருக்கிறது என்று நான் அழுதது உங்களிடம் மட்டும்தான். டாக்டரைப் பார்த்தேன், இப்போது அந்தப் பயம் இல்லை என்று பிற்பாடு சொன்னதும் உங்களிடம்தான். இரண்டில் எதை நம்பினீர்கள்?

அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. மகன் சொன்னதைச் செய்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. துணியும் இல்லை, சார்ஜரும் இல்லை. நான் எழுந்து போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் சொல்லியனுப்ப வேண்டாம், எனக்கே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா