குளிரறைப் போனுக்குக் கரண்ட்

திங்கள்
காலையிலிருந்து தூறல். நெமிலிச்சேரியில் ரயில் தாமதம். செருப்பு நனைந்து நாள் முழுக்கச் சதசத.

அம்பத்தூர் குளிர்கிடங்கு. முதல் தடவை தனியாக. வேலை: நெட்வொர்க் ஸ்விட்சில் எந்தக் கருவிக்குக் கரண்ட் முதலில் என்று வரிசை வைப்பது. அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் போகும் ஒரே கேபிளில் நெட்டும் கரண்டும்; கேபிள் செருகும் துளை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கேமரா, போன் எல்லாம் அதில்தான். வாசலில் புதிதாகச் சுழலும் கேமராக்கள் மாட்டியதில் பெட்டிக்குச் சுமை அதிகம். தாங்காவிட்டால் கடைசி எண்ணுக்குத்தான் முதலில் நிறுத்தும். கடைசி எண் 24. குளிரறைக்குள் இருக்கும் போன்.

அந்த அறைக் கதவின் உள்பக்கப் பிடி சில நாள் பனியில் இறுகிவிடுமாம். மாட்டிக்கொண்டால் கூப்பிட அந்தப் போன்தான். 24-ஐ முதலில் வைத்தேன். ஒரு வாசல் கேமரா கடைசிக்கு.

சீனியர் பிரகாஷ் அண்ணன் போனில்: "சேவ் பண்ணிடாத. எதுனா தப்பாப் பூட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, பழசு வந்துரும். ஒரு நாள் ஓடட்டும். நாளைக்கு நானே வந்து சேவ் பண்றேன்." தலையாட்டினேன். போனில்!

உள்ளே பெட்டி அடுக்கும் செல்வி அக்கா, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்: "இன்னா பாப்பா, இம்மாம் படிச்சிகினு எங்க ஊட்டிக்கு வந்துகீற?" சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினேன்.

செவ்வாய்
வெயில். அண்ணன் சேவ் செய்தாரா? மெசேஜ் டைப் செய்து அழித்தேன். மறுபடி டைப், மறுபடி அழிப்பு. கேட்டால் தன்னை நம்பவில்லை என்று நினைப்பார்.
அம்மா வாங்கச் சொன்னது: பொரி, கடலை, வாழைக்கன்று.

புதன், ஆயுத பூஜை


காலையில் அப்பா கொத்துக் கரண்டி, மட்டப்பலகை எல்லாம் கழுவி அடுக்கினார். "உன்னுதும் குடும்மா." என் லேப்டாப்பை அணைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார். அப்போதுதான் உறைத்தது. கிடங்கிலும் இன்று எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைப்பார்கள். ஸ்விட்சையும். சேவ் ஆகாமல் இருந்தால் நான் வைத்த வரிசை போச்சு.

அண்ணனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கிடங்குக்கு அடித்தேன். மணியே போகவில்லை. அவர்கள் போனும் அதே பெட்டியில்தானே. ஓடினேன்.

போனபோது பூஜை முடிந்திருந்தது. கற்பூர வாசனை. ஸ்விட்சில் மூன்று கோடு விபூதி, விளக்குகள் வரிசையாகப் பச்சை. 24 மட்டும் இருட்டு.

மேனேஜர்: "வாம்மா, பொரி எடுத்துக்கோ."
"உள்ள யாராவது இருக்காங்களா சார்?" குரல் வெளியே வரவில்லை. மறுபடி. கத்தினேன், நான்!
"செல்விதான் ஆர்டர் எடுக்கப் போச்சு. ஏன், இன்னும் வரலயா?"

வாட்ச்மேனும் மேனேஜரும் சேர்ந்து இழுத்த பிறகுதான் கதவு வந்தது. பின்னாலேயே அக்கா. இமையெல்லாம் வெள்ளை. தட்டித் தட்டி முஷ்டி கன்றிப்போயிருந்தது.
"இன்னாத்துக்குடா பூஜை போட்டீங்க? போனு செத்துக் கீது." அவ்வளவுதான். பிறகு பல் கிட்டிக்கொண்டது.

24-ஐ மறுபடி முதலில் வைத்தேன். சேவ். திரும்ப சேவ். எல்லாவற்றையும் நானே ஒருமுறை அணைத்துப் போட்டேன். 24 பச்சை.

அக்காவுக்குக் கம்பளி, டீ. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.
"பாப்பா, நாளைக்கும் நான்தான் உள்ள போவணும். அது வேல செய்யும்ல?"
"செய்யும்க்கா."
சொல்லிவிட்டேன்.

வியாழன்
லீவு. மூட்டம். தூக்கமில்லை.
அம்மா: "நல்ல நாள்ல எங்கடி கிளம்பிட்ட?"
அம்பத்தூர். யாரும் வரச் சொல்லவில்லை. செல்வி அக்கா உள்ளே போகுமுன் நான் போகவேண்டும். வாட்ச்மேனிடம் கதவைச் சாத்தச் சொல்லி, உள்ளே நின்று, அந்தப் போனை நானே எடுத்துப் பேசிப் பார்க்கவேண்டும்.