கல்லாப்பெட்டி மேல் ஆதி தாளம்

சனிக்கிழமை, ராத்திரி

திருநள்ளாறு கோயில் பக்கத்துல எங்க கடையில இன்னைக்கு எள் தீபம் வாங்கக் கூட்டம் நெருக்கியடிச்சுது. எனக்கு நெஞ்சு படபடன்னு ஆரம்பிச்சுடுச்சு. போன தடவை அழுதுகிட்டே வீட்டுக்கு ஓடினேன். இதைச் சனி தோஷம்னு சொல்லி அத்தை குளத்துல முழுக வச்சாங்க. டாக்டர் பதற்ற நோய்னு மாத்திரை கொடுத்தார், அதை விடாம போடுறேன். மிருதங்கம் கத்துக்கிறது மட்டும் நானா தேடிக்கிட்ட மருந்து.

"ஷட்டரை இறக்கிடவா?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார்.

எண்ணெய்ப் பிசுக்கு விரலால கல்லாப்பெட்டி மேல தகதிமி தட்டினேன். ஒரு கை தட்ட, ஒரு கை தீபம் எடுத்துக் கொடுத்துச்சு. மொட்டை போட்ட ஒருத்தர் தலையாட்டிக்கிட்டே நின்னார். மெல்ல மூச்சும் தாளத்துக்கு வந்துச்சு.

"வேணாங்க, கூட்டம் நிக்குதே"ன்னேன்.

கடைசி ஆள் போனப்புறம் ஷட்டரை நானே இறக்கினேன். அந்தச் சத்தமும் தாளம் தப்பலை.